பிளேடா, பிழை பொறுக்கும் அயர்னா? சிங்கப்பூரில் முதல் கோல்ஃப் செட் வாங்கும் முன்

கோல்ஃப் பழக ஆரம்பித்து ஓரிரு மாதம் ஆனதும் சொந்தமாக ஒரு செட் வேண்டும் என்ற ஆசை வந்துவிடும். பழைய பொருள்கள் விற்கும் கரோசல் தளத்தில் தேடினால் மெல்லிய தலையும் முகம் தெரியும் பளபளப்புமாக ஒரு செட் கண்ணில் படும். பிளேட் என்று போட்டிருக்கும். விலையும் ஆச்சரியப்படும் அளவுக்குக் குறைவு. கூட ஆடும் அண்ணன் ஒருவர், "பிளேட்ல பழகுனாதான் அடி திருந்தும், எடுத்துக்கோ" என்பார். பக்கத்தில் இருப்பவர், "சும்மா இருங்கண்ணே, இருக்கிற ஆசையும் போயிடும்" என்பார்.

நான் இரண்டாமவர் கட்சி. முதல் செட்டுக்கு பிளேட் வேண்டாம். ஆனால் அதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பாதிதான். சிங்கப்பூரில் பழகுகிறவர்கள் கிளப்பின் (கோல்ஃப் மட்டையின்) பந்தில் படும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் அதன் அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அப்புறம், "புதியவருக்கு ஏற்றது" என்று விற்கப்படுவதெல்லாம் புதியவருக்கு ஏற்றதும் அல்ல. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்

இரும்புத் தலை கொண்ட கிளப்தான் அயர்ன். அதன் தலையின் பின்பக்கத்தைப் பாருங்கள். முழுக்க இரும்பாக, தட்டையாகவோ நடுவில் சற்றுத் தடித்தோ இருந்தால் அது பிளேட். நடுவில் குழி விழுந்து ஓரங்கள் தடித்திருந்தால் அது கேவிட்டி பேக். குழியிலிருந்து எடுத்த எடையை ஓரங்களுக்கும் கீழ்ப்பகுதிக்கும் நகர்த்தியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தச் சின்ன இடமாற்றம் பெரிய வேலை செய்கிறது. பந்து முகத்தின் நடுவில் படாமல் நுனிப்பக்கம் பட்டால் தலை கையிலேயே திருகிக்கொள்ளும். எடை ஓரங்களில் இருக்கும்போது அந்தத் திருகலுக்கு எதிர்ப்பு அதிகம். அதனால் வேகமும் திசையும் குறைவாகவே கெடும். எடை கீழே இறங்கியிருப்பதால் பந்தும் எளிதாக மேலே எழும்பும். பிழை பொறுக்கும் அயர்ன் என்பது இதுதான்.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர் கார்ஸ்டன் சோல்ஹைம். ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். பந்தைக் குழிக்குள் உருட்டுவது சரிவராத எரிச்சலில் 1959இல் அதற்கான பட்டர் என்ற கிளப்பைத் தானே செய்தார். பந்தில் படும்போது அது எழுப்பிய ஓசையே 'பிங்' என்று நிறுவனத்தின் பெயரானது. ஓரங்களுக்கு எடையை நகர்த்தும் அதே யோசனையைப் பிறகு அயர்ன்களுக்கும் கொண்டுபோனார். 1980களில் வந்த பிங் ஐ2 செட் இன்றும் பலர் பையில் இருக்கிறது. இந்த யோசனை வருவதற்கு முன்பு ஆடியவர்களுக்குத் தேர்வு என்ற பேச்சே இல்லை. சிங்கப்பூரில் 1891இல் முதல் கோல்ஃப் கிளப் தொடங்கியது ஃபேரர் பார்க்கில் இருந்த பழைய குதிரைப் பந்தயத் திடலில், நம் தேக்காவிலிருந்து நடந்தே போகும் தூரம். அங்கே ஆடியவர்கள் கையில் இருந்ததெல்லாம் மரத் தண்டில் மாட்டிய மெல்லிய இரும்புதான்.

நடுவில் இன்னொரு வகையும் உண்டு. வெளியிலிருந்து பார்க்க பிளேட் மாதிரி இருக்கும், உள்ளே வெற்றுக் கூடு. டெய்லர்மேட் பி790 இந்த வகை. "பிளேட் வைத்திருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்ளும் பல நண்பர்களின் பையில் இருப்பது உண்மையில் இதுதான்.

"ஃபோர்ஜ்டு" என்ற சொல்லையும் பிளேடையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஃபோர்ஜ்டு என்றால் இரும்பைச் சூடாக்கி அழுத்தி வடித்தது. வார்ப்பில் ஊற்றி எடுத்தது காஸ்ட். ஃபோர்ஜ்டு கேவிட்டி பேக் நிறைய இருக்கின்றன. விற்பவர் "ஃபோர்ஜ்டு" என்று அழுத்திச் சொன்னால் அது செய்முறைதான். பிழை பொறுக்குமா பொறுக்காதா என்பதற்கு அது பதில் இல்லை.

இங்கே ஏன் அடிப்பாகம் முக்கியம்

நம்மில் பெரும்பாலோர் பழகுவது ரேஞ்ச் எனப்படும் பயிற்சி இடத்தில், பச்சைப் பாயின் மேல். பாய் ஒரு பொய் சொல்லும். கிளப் பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் தரையில் மோதினாலும், பாயின் மேல் வழுக்கி முன்னே போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். சத்தம் கொஞ்சம் மந்தமாக இருக்கும், பந்து என்னவோ போய்விடும். நாமும் நன்றாக அடிக்கிறோம் என்று நினைத்துக்கொள்வோம்.

அதே அடியை ஒரு மழைநாளுக்கு மறுநாள் செம்பவாங்கிலோ ஜொகூரிலோ புல்லின் மேல் அடித்துப் பாருங்கள். இங்கே நவம்பர் முதல் ஜனவரி வரை மழை கொட்டும். மற்ற மாதங்களிலும் மத்தியானம் ஒரு மழை பெய்துவிட்டுப் போவது புதிதில்லை. அகன்ற இலையுள்ள பசும்புல், அதன் கீழே ஈரக் களிமண். பந்துக்குப் பின்னால் ஓர் அங்குலம் முன்கூட்டியே இறங்கிய மெல்லிய கிளப் அப்படியே மண்ணைத் தோண்டி உள்ளே போகும். பந்து இருபது யார்டு உருளும், மண்கட்டி அதைவிடத் தூரம் பறக்கும்.

பிளேடின் அடிப்பாகம் குறுகலானது, முன்விளிம்பு கூரானது. சரியாக அடிப்பவருக்கு அது வரம், பந்தை முதலில் தொட்டுவிட்டுப் புல்லை மெல்லச் சீவிக்கொண்டு போகும். சற்று முன்கூட்டியே மண்ணைத் தொடுபவருக்கு அதுவே தண்டனை. அகலமான, சற்றே உருண்ட அடிப்பாகம் உள்ள கிளப் அந்த ஈர மண்ணிலும் கொஞ்சம் சறுக்கும். முழுத் தூரம் கிடைக்காவிட்டாலும் பந்து போக வேண்டிய பக்கம் போகும்.

புதியவர்களின் ஆட்டத்தில் நுனியில் படும் அடியைவிட மண்ணில் புதையும் அடிதான் அதிகச் சேதம் செய்கிறது என்பது என் கணிப்பு. ஆனால் கடைகளில் முகத்தைப் பற்றியும் தூரத்தைப் பற்றியும் பேசும் அளவுக்கு அடிப்பாகத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஏனென்றால் கடையிலும் பாய்தான் விரித்திருக்கிறார்கள்! அந்தப் பாயில் குறுகிய அடிப்பாகமும் அகன்ற அடிப்பாகமும் ஏறக்குறைய ஒன்றுபோல்தான் நடந்துகொள்ளும்.

ஆகவே வாங்கும் முன் ஒருமுறையாவது புல்லின் மேல் அடித்துப் பாருங்கள். சிங்கப்பூரில் அது முன்பைவிடக் கடினமாகிவிட்டது. மரினா பே பொது மைதானம் 2024இல் மூடப்பட்டது. பல கிளப்களின் நிலக் குத்தகையும் முடிகிற கட்டத்தில் இருக்கிறது. இன்னொரு சிக்கல், பிசி எனப்படும் தேர்ச்சிச் சான்றிதழோ ஆட்டத் திறனைக் காட்டும் ஹேண்டிகேப் எண்ணோ இல்லாமல் இங்கே பெரும்பாலான மைதானங்களில் இறங்க விடமாட்டார்கள். விதிமுறைத் தேர்வும் களத் தேர்வும் சேர்ந்ததுதான் பிசி. அது கையில் வரும் வரை இரண்டு வழி உண்டு. உங்கள் பயிற்சியாளர் மைதானப் பாடம் எடுப்பவராக இருந்தால், அந்தப் பாடத்துக்கு வாங்க நினைக்கும் வகைக் கிளப்பை ஒருவரிடம் கடன் வாங்கிக்கொண்டு போகலாம். இல்லாவிட்டால் பாத்தாம், பிந்தான், ஜொகூர் பக்கம் போகும்போது செட்டை வாடகைக்கு எடுத்து ஆடிப் பார்க்கலாம். நேரம் பதிவு செய்யும்போதே பிசி கேட்பார்களா என்றும் விசாரித்துக்கொள்ளுங்கள். வாடகை செட்கள் பெரும்பாலும் அகன்ற அடிப்பாகம் கொண்டவையாகவே இருக்கும். அதைப் பிடித்து ஆடுவதே நல்ல ஒப்பீடு.

ரேஞ்சில் செய்யக்கூடிய சோதனை

செலவு ஒரு வெண்பலகை மார்க்கர் மட்டும். பந்தின் பின்பக்கத்தில், கிளப் முகம் படும் இடத்தில், தடிப்பாக ஒரு புள்ளி வையுங்கள். அடித்தால் அது முகத்தில் பதியும். துடைக்காமல் பத்துப் பந்து அடியுங்கள். 7 என்று பொறித்த அயர்ன் போதும்.

இப்போது முகத்தின் மேல் ஒரு வெள்ளி (டாலர்) நாணயத்தை வைத்துப் பாருங்கள். பத்தில் ஏழு எட்டு தடங்கள் நாணயத்துக்குள் அடங்கினால் உங்கள் அடி ஒழுங்குக்கு வந்துவிட்டது. அப்போது பிளேடைப் பற்றி யோசிப்பதில் அர்த்தம் இருக்கிறது. தடங்கள் முகம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் கேவிட்டி பேக், கேள்வியே இல்லை. இது நானாக வைத்துக்கொண்ட அளவுகோல், விதிப் புத்தகத்தில் தேட வேண்டாம்.

தடங்கள் சிதறாமல், ஆனால் எல்லாமே நுனிப்பக்கமாகவோ கழுத்துப்பக்கமாகவோ கூட்டமாக இருந்தால் அது வேறு கதை. கிளப்பின் நீளமோ நீங்கள் நிற்கும் தூரமோ சரியில்லை. அதற்குத் தலையின் வகையை மாற்றிப் பயனில்லை. பயிற்சியாளரிடம் காட்டுங்கள்.

"பிளேடில் பழகினால் அடி திருந்தும்" என்ற அண்ணனின் வாதத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். அந்த வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பிளேடில் தவறாக அடித்தால் கை சுர்ரென்று அதிரும், எங்கே பட்டது என்று உடனே தெரியும். ஆனால் தெரிவது வேறு, திருந்துவது வேறு. எங்கே பட்டது என்பதை மார்க்கர் புள்ளி இன்னும் துல்லியமாகவே சொல்கிறது, கையும் வலிக்காது. பிளேட் ஆசை அடங்கவில்லை என்றால் பழைய 7 அயர்ன் ஒன்றை மட்டும் தனியாக வாங்கி ரேஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எவ்வளவு பிழை பொறுக்கும் கிளப்பானாலும் வலப்பக்கம் வளைந்து ஓடும் ஸ்லைஸை அது சரிசெய்யாது. முகம் திறந்த நிலையில் பந்தில் பட்டால் பந்து வளையத்தான் செய்யும். எடையை எங்கே வைத்தாலும் அது மாறாது.

எண் ஒன்று, கோணம் வேறு

புதியவர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கேதான். கடைக்காரர் பழைய பிளேட் 7 அயர்னைக் கொடுத்து அடிக்கச் சொல்வார், 120 யார்டு போகும். பிறகு புதுச் செட்டின் 7 அயர்னைக் கொடுப்பார், 135 போகும். "பார்த்தீங்களா!" என்பார். பார்க்க வேண்டியது கோணத்தை, அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் அளவை. அது குறைந்தால் தூரம் கூடும். டைட்டிலிஸ்ட் 620 எம்பி என்ற பிளேடின் 7 அயர்ன் 35 டிகிரி. பிங் ஜி430இன் 7 அயர்ன் 29 டிகிரி. கிளப்பின் அடியில் இரண்டிலும் 7 என்றுதான் பொறித்திருக்கும். ஆனால் இரண்டாவது, பழைய கணக்கில் ஏறக்குறைய ஒன்றரைக் கிளப் அளவுக்குக் கூடுதல் தூரம் போவது.

இதை மோசடி என்று சொல்ல மாட்டேன். எடை கீழே இருப்பதால் பந்து தானாகவே உயரப் போகும், கோணத்தைக் குறைத்தாலும் உயரம் கிடைத்துவிடும். ஆனால் வேகம் குறைந்த சுவிங் உள்ளவருக்கு அந்த உயரம் போதுமான அளவு வராது. பந்து தாழப் பறந்து, குழி இருக்கும் கிரீனில் விழுந்து நிற்காமல் பின்பக்கம் ஓடிவிடும். அதனால் பிழை பொறுக்கும் வகையிலேயே கோணம் மிகவும் குறைக்கப்படாத செட்டாகத் தேடுங்கள். 7 அயர்ன் 30 டிகிரிக்கு மேல் இருந்தால் நல்லது. உற்பத்தியாளரின் இணையப் பக்கத்தில் கோணப் பட்டியல் பெரும்பாலும் இருக்கும்.

கோணம் குறைந்த செட்டை வாங்கினால் கூடவே ஒரு செலவும் வரும். மேலே சொன்ன அதே பிங் செட்டின் பிட்சிங் வெட்ஜ் (குறைந்த தூரத்துக்கான கிளப்) 41 டிகிரி. மணல்குழிக்கு வைத்திருக்கும் வெட்ஜ் 56 என்றால் நடுவில் 15 டிகிரி வெற்றிடம். 70 யார்டிலிருந்து 100 யார்டு வரை எதை எடுப்பது என்று முழிப்பீர்கள். நடுவில் ஒரு வெட்ஜ் கட்டாயம், இரண்டு இருந்தால் வசதி. பிளேடில் பிட்சிங் வெட்ஜ் 47 டிகிரி, அங்கே இந்தத் தொல்லை இல்லை. விதிப்படி பையில் 14 கிளப்தான் இருக்கலாம். புதியவருக்கு அது பிரச்சினை இல்லை, பத்து கிளப் இருந்தாலே தாராளம். நீளமான 3, 4 அயர்ன்களை வாங்கவே வாங்காதீர்கள். அந்த இடத்துக்கு, அயர்னும் மரக் கிளப்பும் கலந்த வகையான ஹைப்ரிட் ஒன்று போதும்.

பழைய பிளேட் ஏன் மலிவு

கரோசலில் மலிவாக வரும் பிளேட் செட்களில் தலையைவிட ஷாஃப்ட்தான், அதாவது தண்டுதான் பெரிய சிக்கல். அவற்றை முதலில் வாங்கியவர்கள் வேகமாகச் சுழற்றும் ஆட்டக்காரர்கள். அதனால் டைனமிக் கோல்ட் எஸ்300 மாதிரி, 130 கிராம் அளவுக்கு எடையுள்ள விறைப்பான ஸ்டீல் ஷாஃப்ட் மாட்டியிருப்பார்கள். வாரம் ஒருமுறை ஆடும் ஒருவர், அதுவும் நாற்பது வயதைத் தாண்டியவர், நம் ஊர் வெயிலில் அதைச் சுழற்றினால் கடைசி ஐந்து குழிக்குத் தோள் ஒத்துழைக்காது. 95 கிராம் அளவில் இருக்கும் நிப்பான் 950 மாதிரி இலகுவான ஸ்டீலோ கிராஃபைட்டோ போதும். ஷாஃப்டின் மேல் ஒட்டியிருக்கும் வில்லையில் பெயரும் விறைப்பும் எழுதியிருக்கும். எஸ் என்றால் விறைப்பு, ஆர் என்றால் சாதாரணம். விற்பவரிடம் அந்த வில்லையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஷாஃப்டை மாற்றிக்கொள்ளலாமே என்று நினைப்பீர்கள். ஏழு எட்டு கிளப்புக்கும் மாற்றினால் மலிவாக வாங்கியதன் லாபம் அங்கேயே போய்விடும்.

நேரில் பார்க்கும்போது முகத்தில் உள்ள கோடுகள் தேய்ந்திருக்கிறதா, தலை ஷாஃப்டில் ஆடுகிறதா, ஷாஃப்டில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பிளேட்கள் பெரும்பாலும் மென்மையான கார்பன் இரும்பு, மேலே குரோம் பூச்சு. பூச்சு பெயர்ந்த இடத்தில் நம் ஈரக்காற்றுக்குத் துரு ஏறும். மழையில் ஆடிவிட்டுப் பையை அப்படியே வீட்டு ஸ்டோர் ரூமில் வைத்துப் பூட்டியவரின் செட் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கிரிப் வழவழப்பாக இருந்தால் கவலை வேண்டாம், புதிதாகப் போட்டுக்கொள்ளலாம். வியர்க்கும் கைக்கு நூலிழை கலந்த கிரிப் நன்றாகப் பிடிக்கும்.

இடக்கைக்காரர்களுக்குப் பழைய செட் கிடைப்பது அரிது. கிடைத்ததில் கேவிட்டி பேக் இருந்தால் அதிகம் யோசிக்காமல் எடுத்துவிடலாம்.

பிளேட் எப்போது

ஆசை நியாயமானதுதான். மெல்லிய தலையை மேலிருந்து பார்க்கும்போது கிடைக்கும் அழகும், நடுவில் பட்ட பந்து கையில் கிட்டத்தட்ட எந்த அதிர்வையுமே விட்டுவைக்காமல் போவதும் வேறு எதிலும் கிடைக்காது. டைகர் உட்ஸ் பெரும்பாலும் பிளேடே ஆடினார். ஆனால் தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் கேவிட்டி பேக்தான் வைத்திருக்கிறார்கள் என்பதையும் தொலைக்காட்சியில் கவனித்துப் பாருங்கள். சோற்றுக்கே ஆடுகிறவர்கள் அவர்கள், வீண் கௌரவம் பார்க்க மாட்டார்கள்.

நாணயச் சோதனையில் தேறி, புல்லிலும் பந்தை முதலில் தொடும் அடி பழகிவிட்டது என்றால் முழுச் செட்டையும் மாற்ற வேண்டிய தேவையில்லை. 8, 9, பிட்சிங் வெட்ஜ் மூன்றையும் மட்டும் மெல்லிய வகைக்கு மாற்றுங்கள். குட்டையான கிளப்பில் நடுவில் அடிப்பது எளிது, பந்தின் உயரத்தையும் சுழற்சியையும் கையால் கட்டுப்படுத்த வேண்டிய இடமும் அதுதான். 5, 6, 7 கேவிட்டியாகவே இருக்கட்டும். பல நிறுவனங்கள் இப்படிக் கலந்து வாங்கவே வசதி செய்து தருகின்றன. கலக்கும்போது பக்கத்துப் பக்கத்துக் கிளப்களின் கோண இடைவெளி நாலு டிகிரி அளவில் இருக்கிறதா என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

ஜொகூரில் வாங்குவதானால்

புதுச் செட் என்றால் ஆயிரம் வெள்ளியைச் சர்வ சாதாரணமாகத் தாண்டும். எல்லை தாண்டிப் போய் வாங்கினால் மிச்சம் என்று போவோர் நிறைய. போகலாம், ஆனால் திரும்பும்போது 9 விழுக்காடு ஜிஎஸ்டியைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் வரிவிலக்கு 100 வெள்ளி வரைதான். அதற்கு மேல் தங்கியிருந்தால் 500 வெள்ளி. எம்ப்ளாய்மென்ட் பாஸ், வொர்க் பர்மிட், டிபென்டன்ட் பாஸ், மாணவர் அனுமதி வைத்திருப்பவர்களுக்கு அந்த விலக்கும் கிடையாது, முதல் வெள்ளியிலிருந்தே வரி. சோதனைச் சாவடியில் சிவப்பு வழியில் போய் அறிவித்துவிட்டு, கட்டிய ரசீதையும் கடை ரசீதையும் கோல்ஃப் பையின் சின்னப் பையிலேயே போட்டு வையுங்கள். அடுத்த முறை அதே செட்டுடன் ஜொகூர் போய்த் திரும்பும்போது யாராவது கேட்டால் காட்டலாம், பின்னாளில் விற்கும்போதும் நல்ல விலைக்குப் போகும்.